வேகவதி கெட்டால் தீங்கு யாருக்கு?

காஞ்சிபுரத்தை ஒட்டி ஓடும் வேகவதி, ஊரைத் தாண்டிச் சென்று திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. தலபுராணப்படி அது சரசுவதியே ஆறாக வந்தது. கண்ணுக்குத் தெரிவதோ, மழைக்காலம் போக மற்ற மாதங்களில் வீட்டுச் சாக்கடையும் சாயக்கழிவும் ஓடும் வாய்க்கால். இந்த இரண்டையும் ஒரே ஊர், பெரிய மனச்சங்கடம் எதுவுமின்றி ஒருசேர ஏற்றுக்கொண்டு வாழ்கிறது. இது எப்படி முடிகிறது என்பது சமயத்தை நோக்கி எழும் கேள்வி. அதற்குள் இன்னொரு கடினமான கேள்வி இருக்கிறது. புனிதமான ஆறு கழிவால் கெடும்போது தீங்கு நேர்வது யாருக்கு? ஆற்றுக்கா, அதில் உறையும் தெய்வத்துக்கா, கீழே அதே நீரை இறைப்பவருக்கா? தீங்குக்கு ஆளானவர் யார் என்று சொல்லத் தெரியாவிட்டால், நடந்ததைக் குற்றம் என்று சொல்வதும் கடினம்.

இந்தக் கேள்வியை எழுப்பக் காஞ்சி பொருத்தமான இடம். சைவம், வைணவம், சாக்தம், சமணம், பௌத்தம் ஐந்தும் இங்கே நிலைகொண்டு வாதாடியிருக்கின்றன. தவிர, மாசு விஷயத்தில் இந்த ஊர் இரு பக்கமும் நிற்கிறது. மேலே இருப்பவர்களின் கழிவு இதை நோக்கி வருகிறது. இதன் கழிவு கீழே இருப்பவர்களை நோக்கிப் போகிறது.

முதலில் ஊரின் கழிவு. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் பெரும்பாலும் வருகின்றன. நெசவும் சாயமும்தான் காஞ்சியின் பங்கு. பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு, புழு சுரந்த பசை. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்து அதைப் போக்கினால்தான் இழை மின்னும், சாயம் ஏறும். பிறகு சிட்டம் சிட்டமாகக் கோலில் மாட்டிச் சூடான சாயத்தொட்டியில் முக்கி எடுத்து, பல தண்ணீர் விட்டு அலசுவார்கள். ஒவ்வொரு அலசலும் நிறம் ஏறிய நீரைப் பட்டறைக்கு வெளியே தள்ளுகிறது. காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்பது நெசவாளர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பெருமை. அந்தத் தண்ணீரிலேயே சாயத்தை அலசி ஊற்றினால் என்ன ஆகும் என்பதைப் பழைய நாட்களில் யாரும் அவ்வளவாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. செடி, வேர், அரக்கு ஆகியவற்றிலிருந்து எடுத்த சாயம், பட்டறைகளும் குறைவு, ஆற்றில் நீர் அதிகம். 1856-ல் முதல் செயற்கைச் சாயமும் 1868-ல் செயற்கை அலிசரினும் ஐரோப்பியச் சோதனைக்கூடங்களில் பிறந்த பிறகு அந்தக் கணக்கு மாறியது. அசோ வகைச் சாயங்கள் சிலவற்றுக்குப் புற்றுநோய் ஆபத்து கருதி இந்திய அரசு 1990-களில் தடை போட்டது. தடைக்கு உட்படாத சாயமும் நீரில் கலந்தால் கழிவுதான்.

மேலே இருந்து வருவது இதைவிடப் பெரியது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தொடங்கும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடி வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. அதன் கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய தோல் நகரங்கள். குரோமியம் கொண்டு பதனிடும் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணக்கிட்டபடி, தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது. இந்த எண்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானவை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட அரசுத் துறைக் குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. காஞ்சிபுரம் குடிக்கும் நீர் ஓரிக்கை, திருப்பாற்கடல் ஆகிய இடங்களில் பாலாற்று மணலுக்கு அடியிலிருந்து எடுக்கப்படுகிறது. பாலாறு மேலே வறண்டு தெரிந்தாலும் அடியில் ஊற்று ஓடுகிறது. அதனால் மாசும் கண்ணில் படாமல் நகர முடியும்.

இப்போது சமயம் இதை எப்படிப் பார்க்கிறது என்று பார்க்கலாம். காஞ்சியின் இரண்டு பெரிய நீர்க்கதைகளிலும் ஆபத்து ஆற்றிடமிருந்து வருகிறது. பிரமன் செய்த வேள்வியை அழிக்கச் சரசுவதி வேகவதியாகப் பெருக்கெடுத்து வந்தாள். திருமால் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார். திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாளாக இன்றும் அப்படியே கிடக்கிறார். பக்கத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் அவரை வேகவதிக்குக் கட்டிய அணையாகவே பாவித்து வேகாசேது ஸ்தோத்திரம் செய்தார். ஏகாம்பரத்திலும் இதே அமைப்பு. கம்பை ஆற்றின் கரையில் மணலால் லிங்கம் பிடித்துப் பூசித்த காமாட்சி, வெள்ளம் வந்தபோது அதைத் தழுவிக் காத்தாள்; இறைவனுக்குத் தழுவக் குழைந்தார் என்று பெயர் வந்தது. மனிதன் கட்டுப்படுத்த முடியாத வலிமையாக ஆறு இருந்த காலத்தின் கதைகள் இவை. தெய்வம் ஆற்றிடமிருந்து ஊரைக் காக்கும். ஊரிடமிருந்து ஆற்றைக் காக்க வேண்டி வரும் என்று அந்தக் கதைகளைச் சொன்னவர்கள் எண்ணவில்லை. புராணத்தில் அதற்கான பாத்திரமே இல்லை. பழையவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் புராணம் இருக்கிறது, ஆகவே ஆறு பிழைத்துக்கொள்ளும் என்று நம்புவதற்கும் ஆதாரம் இல்லை.

புனிதமும் சுத்தமும் வேறு வேறு என்பது இந்தியப் புனித நதிகள் எல்லாவற்றிலும் காணப்படும் எண்ணம். காசியில் ஆய்வு செய்த மானுடவியலாளர் கெல்லி ஆலி, தீர்த்தப் புரோகிதர்களிடம் இந்தப் பிரிவினை உறுதியாக இருப்பதைக் கண்டார். கங்கையில் அழுக்கு சேரலாம், ஆனால் கங்கை அபவித்திரம் ஆக முடியாது என்பது அவர்கள் நிலை. பாவத்தையே கரைக்கும் நீரைச் சாக்கடை என்ன செய்துவிடும் என்ற தர்க்கம் கேட்க அழகாக இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் போடுவதைத் தள்ளிப்போடவும் அது உதவுகிறது. அதே காசியில் சங்கட மோசன் கோயிலின் மகந்த் (தலைமைப் பூசாரி) வீர பத்ர மிஸ்ரா, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியராகவும் இருந்தார். 1982-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, தினமும் கங்கையில் முழுகிக்கொண்டே அதன் நீரில் கிருமிகளை எண்ணச் செய்தார். பக்தியையும் சோதனைக்கூடத்தையும் ஒரே ஆள் சுமக்க முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை. அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு என்பதும் உண்மை.

காஞ்சியில் இந்தப் பிரிவினைக்குத் தத்துவ ஆழம் கூடுதல். ராமானுசர் இங்கே பயின்றவர். சாலைக் கிணற்றிலிருந்து வரதராசருக்குத் தினமும் தீர்த்தம் சுமந்தவர். உயிர்களும் உலகமும் இறைவனுக்கு உடல், இறைவன் அவற்றுக்கு உயிர் என்பது அவருடைய விசிட்டாத்துவைதத்தின் மையம். இதன்படி வேகவதி இறைவனின் உடலில் ஒரு பகுதி. ஆற்றைக் காக்க இதைவிட உறுதியான அடிப்படை வேண்டுமா என்று தோன்றும். ஆனால் அதே தத்துவம் இன்னொன்றையும் வற்புறுத்துகிறது: உடலின் குறைகள் உயிரைத் தொடாது, பிள்ளைப்பருவமும் மூப்பும் உடலுக்கு நேர்வதுபோல, உலகத்தின் மாற்றங்களும் குற்றங்களும் உலகத்தோடு நிற்கும், பிரமத்தைத் தீண்டாது. இறைவனின் குறைவின்மையைக் காக்க ராமானுசருக்கு இந்த விளக்கம் இன்றியமையாதது. மாசு பற்றிய கேள்விக்கு வந்தால் இது ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. ஆறு இறைவனின் உடல்தான், ஆயினும் அதற்கு நேர்ந்த கேட்டால் இறைவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் தீங்குக்கு ஆளானவர் யார்? கைங்கரியம் என்ற கருத்தில் வைணவர்களுக்கு விடை இருக்கிறது. தலைவனின் உடைமையைப் பழுதின்றி வைத்திருப்பது அடியானின் கடமை. தலைவனுக்கு இழப்பு நேர்கிறதா இல்லையா என்பது அதற்குத் தேவையே இல்லை. இந்த விடை நூல்களில் இருந்து எளிதாகப் பெறக்கூடியது. ஆயினும் நடைமுறையில் கைங்கரியம் மதில் சுவருக்குள் நின்றுவிட்டது. கோயில் குளத்துக்கு அது எட்டும். மதிலுக்கு வெளியே ஓடும் நீருக்கு எட்டுவதில்லை.

2019 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரதராசர் கோயில் அனந்தசரசு குளத்தின் அடியிலிருந்து வெளியே எழுந்தருளும் அத்திவரதர், அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காட்சி தந்தார். கூட்டம் ஒரு கோடியைத் தொட்டது. அத்தி மரத்தாலான அந்தத் திருமேனியை மீண்டும் வைப்பதற்காகக் குளம் சுத்தம் செய்யப்பட்டு, நீரின் தரம் பற்றிப் பேச்சு எழுந்தது. அதே கோடையில் சென்னை தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. தெய்வம் கிடக்கும் நீரைப் பற்றி ஊர் எவ்வளவு கவலைப்பட முடியும் என்பதை அந்தக் குளம் காட்டியது. அதில் பத்தில் ஒரு பங்குக் கவலைகூட வேகவதிக்குக் கிடைத்ததில்லை.

தர்ம நூல்களில் தடை இல்லை என்று சொல்ல முடியாது. மலசலம், எச்சில், இரத்தம், நஞ்சு ஆகியவற்றை நீரில் இடக்கூடாது என்கிறது மனுஸ்மிருதி. நீர்நிலையருகே அசுத்தம் செய்பவருக்கு அபராதம் விதிக்கிறது அர்த்தசாஸ்திரம். இவை தனி மனிதனின் ஒழுக்கத்தை அளந்தவை. சாயப்பட்டறை என்ற கூட்டு உற்பத்தியில் பாவம் செய்தவர் யார்? தொட்டியைக் கவிழ்த்த கூலிக்காரரா, பட்டறை முதலாளியா, விலையைக் குறைக்கச் சொன்ன கடைக்காரரா, முகூர்த்தப் புடவை எடுத்த குடும்பமா? ஸ்மிருதிகளுக்கு இந்தச் சங்கிலி தெரியாது.

சைவ சித்தாந்தம் கேள்வியை வேறு இடத்தில் வைக்கிறது. உலகம் மாயையிலிருந்து தோன்றியது, அது பொய்த்தோற்றம் ஆகாது, உண்மைப்பொருள், ஆனால் சடம். தனு, கரண, புவன, போகங்களை, அதாவது உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள்களை, இறைவன் உயிர்களுக்குக் கொடுத்தது அவை வினையை நுகர்ந்து மலம் நீங்கும் பொருட்டு. காஞ்சிப் புராணத்தின் முதற்பகுதியைப் பாடிய 18-ஆம் நூற்றாண்டுச் சிவஞான முனிவரே சிவஞான போதத்துக்கு மாபாடியமும் எழுதினார் என்பதால், இந்த ஊரின் ஆற்றுக்கதையும் இந்தக் கொள்கையின் நுட்பமும் ஒரே கையில் வந்தவை. இதன்படி ஆறு எல்லா உயிர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட கருவி. அதைக் கெடுப்பவன் பிற உயிர்களுக்கு என்று வைத்ததை அழிக்கிறான். தீங்கு கீழ்க்கரைக்காரருக்கு. இது தெளிவான விடை, சட்டத்துக்கும் உகந்த விடை.

சிக்கல் வினைக்கொள்கையில் எழுகிறது. செய்தவனே நுகர்வான் என்பது அதன் உயிர்நாடி. தொழிற்சாலை மாசிலோ செய்பவன் ஆம்பூரில் இருக்கிறான், நுகர்பவன் காஞ்சியில். செய்பவன் பட்டறையில், நுகர்பவன் திருமுக்கூடலுக்கு அருகே கிணறு வெட்டிய விவசாயி. கொள்கையைக் காப்பாற்றும் சுலபமான வழி, அது விவசாயியின் பழவினை என்று சொல்வது. கிராமங்களில் அப்படிச் சொல்லக் கேட்கவும் முடியும். இது சித்தாந்தத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. ஒருவர் துன்பம் அவருடைய வினைப்படி வந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கொண்டுவந்து சேர்த்தவனுக்கு அந்தச் செயல் ஆகாமியமாக, அதாவது புதிதாகச் சேரும் வினையாக, ஏறும் என்பதையும் சித்தாந்தம் சேர்த்தே சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதலாகச் சொல்ல வேண்டியதை ஆலைக்காரருக்கு விடுதலைப் பத்திரமாக மாற்றுவது பிழை.

ஊருக்கு அடுத்த திருப்பருத்திக்குன்றம், பழைய ஜினகாஞ்சி. வேகவதிக் கரையில் திரைலோக்கியநாதர் கோயில் நிற்கிறது. ஐந்து சமயங்களில் ஆற்றுக்கு நேராகவே தீங்கு நேர முடியும் என்று சொல்வது சமணம் ஒன்றுதான். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது அதன் கொள்கை. நீரில் வாழும் மீனையும் புழுவையும் இது குறிக்கவில்லை, நீரையே குறிக்கிறது. அதனால்தான் சமணத் துறவி நீரை வடிகட்டவும் அளந்து பயன்படுத்தவும் வேண்டியவர். நீர் புனிதமா என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை. உயிருள்ளதைத் துன்புறுத்தலாமா என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரையின் வினாவுக்கு மிக நேரான விடை இதுவே. விசித்திரம் என்னவென்றால், இந்த விடையைத் தந்த சமயம் இந்த ஊரில் மிகச் சிறுபான்மையாகச் சுருங்கிவிட்டது. பௌத்தமோ முற்றிலும் மறைந்தது. மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் கேட்ட பன்னிரு சார்புகள், ஒன்று தோன்ற இன்னொன்று காரணமாகும் சங்கிலியை விளக்குபவை. ஸ்மிருதிகளில் காணாத அந்தச் சங்கிலிச் சிந்தனைக்கு மிக அருகில் வருவது அந்தப் பாடம்.

நாட்டின் சட்டம் எந்த விடையைத் தேர்ந்தது? 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. சட்டங்கள் இருந்தும் பாலாறு கெட்டுக்கொண்டே போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்பதையும், தீங்கு வரும்முன் தடுக்கும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிடத் தனி ஆணையம். 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு என்று அந்த ஆணையம் முடிவு செய்தது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டனர். முதல் தீர்ப்புக்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே ஆற்றைப் பற்றி உத்தரவு தேவைப்பட்டது. இந்தச் சட்ட மரபு எடுத்துக்கொண்டது சைவத்தின் விடையை ஒத்தது: தீங்கு கீழ்க்கரை மனிதருக்கு, செய்தவன் நுகர வேண்டும். வினை தானாக வந்து சேரும் என்று காத்திராமல் அதை வசூலிக்கிறது என்பதுதான் வேறுபாடு.

சமணத்தின் விடையும் தாமதமாக நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படியான நபர்கள் என்று அறிவித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2022 ஏப்ரலில், புறம்போக்கு வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்தில், மதுரைக் கிளையின் நீதிபதி ஸ்ரீமதி இயற்கை அன்னையை உரிமைகள் உள்ள உயிருள்ள நபராக அறிவித்தார். இது கேட்போருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் கோயில் தெய்வம் சட்டப்படியான நபர் என்பது 1925-ல் பிரிவி கவுன்சில் உறுதிப்படுத்திய பழைய நிலை. காஞ்சித் தெய்வங்களுக்கு நிலம் சொந்தம், வழக்குப் போடும் உரிமை உண்டு. திருடுபோன பத்தூர் நடராசரைக் கேட்டு ஒரு தமிழ்நாட்டுக் கோயில் லண்டனில் வழக்காடி வென்று 1991-ல் மீட்டது. கல்லிலும் செம்பிலும் எழுந்தருளிய தெய்வத்துக்குச் சட்டம் தரும் இடம், நீராக எழுந்தருளிய சரசுவதிக்கு இல்லை. புராணத்தை நம்புகிறவர் இதில் உள்ள முரணைப் பார்த்திருக்க வேண்டும்; இதுவரை பெரிதாக யாரும் பார்க்கவில்லை.

எல்லாப் பழியையும் பட்டறையின் மேல் போடுவது எளிது, நியாயம் அல்ல. சிறிய சாயப்பட்டறைக்காரர் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. நொய்யல் ஆற்றைக் கெடுத்த திருப்பூர்ச் சாய ஆலைகள் 700-க்கும் மேற்பட்டவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் மூடச் சொன்னபோது, முதலில் வேலை இழந்தவர்கள் கூலிக்காரர்கள். வேகவதிக் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை அகற்றுவதில் காட்டப்பட்ட வேகம், கழிவைத் தடுப்பதில் காட்டப்பட்டதில்லை. ஆற்றைக் காப்பது என்ற பெயரில் ஏழைகளை மட்டும் நகர்த்துவது எந்தச் சமயத்தின் அளவுகோலிலும் அறம் ஆகாது.

பட்டு, வழிபாட்டில் மடியான துணி. சாதாரணப் பருத்தியைவிடத் தூய்மை கூடியது. அந்தத் தூய்மையை ஏற்கெனவே ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார், அதுவும் காஞ்சியிலேயே. காமகோடி பீடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி, ஒரு புடவைக்காக ஆயிரக்கணக்கான பட்டுப்புழுக்கள் கொதிநீரில் சாவதைச் சொல்லிப் பட்டு உடுத்துவதைத் தவிர்க்கச் சொன்னார். பட்டினால் பிழைக்கும் ஊரில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். பெரும்பாலோர் பின்பற்றவில்லை என்றாலும், துணியின் தூய்மை அது எப்படி உண்டானது என்பதையும் பொறுத்தது என்ற கொள்கை அங்கே நிறுவப்பட்டுவிட்டது. புழுவுக்காகக் கேட்ட கேள்வியைத் தண்ணீருக்காகக் கேட்பதற்குப் புதிய சாத்திரம் எதுவும் வேண்டாம். வரதருக்கும் காமாட்சிக்கும் ஏகாம்பரருக்கும் சாத்தும் பட்டின் சாயநீர் சுத்திகரிக்கப்பட்டதா என்று கோயில் நிர்வாகங்களும் அறநிலையத் துறையும் கேட்கத் தொடங்க வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறையில் சாயமேறிய பட்டையே தெய்வத்துக்கு வாங்குவது என்று முடிவு செய்தால், பட்டறைக்காரருக்கும் கடைக்காரருக்கும் அது எந்த அறிவிப்புப் பலகையையும்விட விரைவாகப் புரியும்.